காற்று வீசும் கரையில் பூச்சிகள் எங்கே போகின்றன? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: கோடை விடுமுறையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கடலூர் சில்வர் பீச்சுக்கு அழைத்துச் சென்றோம். எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் தென்பெண்ணை கடலில் சேரும் பகுதியைக் காட்டுவதும், கரையோரத்துப் பூச்சிகளையும் பிற உயிர்களையும் குறிப்பெடுக்கச் செய்வதும் எங்கள் நோக்கம். பிற்பகல் முழுவதும் காற்று ஆளைத் தள்ளியது. நண்டுகளையும் காக்கைகளையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. கடற்கரையில் பூச்சிகளே இருப்பதில்லையா?
(ஓர் ஆசிரியை, காவேரிப்பட்டணம்)

பதில்: இருக்கின்றன, அம்மா. நீங்கள் நடந்த நேரமும் இடமும்தான் அவற்றுக்கு ஒவ்வாதவை. மே மாதத்தில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறிவிடுவதால், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறத் தொடங்கி, மாலை வரை வீசிக்கொண்டிருக்கும். வெயிலில் கொதிக்கும் வெறும் மணலில், அந்தக் காற்றை எதிர்த்துப் பறப்பது சிறிய பூச்சிகளுக்கு இயலாத காரியம். விடியற்காலையிலோ காற்று பெரும்பாலும் தணிந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். அடுத்த முறை முதல் நாளே போய்த் தங்கி, விடிந்ததும் இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள்.

நேரத்தை மாற்ற முடியாவிட்டால் இடத்தை மாற்றலாம். காற்றின் வேகம் தரையை நெருங்க நெருங்கக் குறையும். ஒரு செடியின் மறைவில் அது இன்னும் குறையும். ஆகவே காற்றடிக்கும் நாளில் பூச்சிகள் மேலிருந்து கீழே இறங்கி, காற்றுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் ஒதுங்குகின்றன. கடற்காற்று கிழக்கிலிருந்து வரும்போது, மணல்மேட்டின் மேற்குச் சரிவிலும் சவுக்குத் தோப்பின் மேற்கு ஓரத்திலும் தேட வேண்டும். மரவரிசையின் மறைவில், மரத்தின் உயரத்தைப் போலச் சில மடங்கு தொலைவு வரை காற்று தணிந்திருக்கும். கொசுவினும் சிறிய பூச்சிகள் அங்கே திரளும். அவற்றைத் தின்னத் தும்பிகள் வரும். உங்கள் கண்ணுக்குப் பூச்சி தெரியாவிட்டாலும் பனை உழவாரன்களும் தகைவிலான்களும் எந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன என்று கவனியுங்கள். அவை வீணாகச் சுற்றுவதில்லை.

மணலில் படரும் அடம்பங்கொடியின் ஊதாப் பூக்களுக்குள் பெரிய கருவண்டுகள் தலையை நுழைத்துத் தேன் குடிக்கும். பூவின் புனலுக்குள் காற்றின் தொல்லை குறைவு. எருக்கஞ்செடி கிடைத்தால் அதை விட்டு எளிதில் நகராதீர்கள். இலையின் அடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் முட்டையும், கருப்பு மஞ்சள் வெள்ளைப் பட்டைகள் கொண்ட அதன் புழுவும் இருக்கக்கூடும். எருக்கம்பாலின் நச்சு அந்தப் புழுவின் உடலில் சேர்வதால் பறவைகள் பொதுவாக அதைத் தவிர்க்கின்றன. அதனால்தான் பட்டப்பகலில் ஒளியாமல் மேய அதற்கு முடிகிறது. இராவணன் மீசைப் புல்லின் இடைவெளிகளில், கோடையில் ஆண் விசிறித்தொண்டை ஓணான் சற்று உயரமான ஓர் இடத்தில் ஏறி நின்று, தொண்டையை விரித்துக் காட்டும். மழையும் காற்றும் அண்டாத உலர்மணலில் குழிநரி என்ற பூச்சியின் சிறு பள்ளங்களையும் காணலாம். உங்கள் பிள்ளைகள் வீட்டுத் திண்ணை ஓரத்திலேயே அதைப் பார்த்துப் பழகியவர்களாக இருப்பார்கள்.

அலை விட்டுச்சென்ற குப்பை வரிசையையும் தவறவிடக் கூடாது. நிலக்காற்று வீசிய இரவுக்குப் பின், கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்ட வண்டுகளும் நாவாய்ப்பூச்சிகளும் அலையோடு திரும்பி வந்து அந்த வரிசையில் கிடக்கும். சில அப்போதும் உயிருடன் இருந்து, வெயில் பட்டதும் சிறகை உலர்த்திக்கொண்டு நடக்கத் தொடங்கும். ஹாலோபேட்டஸ் என்ற சிறகற்ற பூச்சி அங்கே அகப்பட்டால் அது பெரும் பேறு. பூச்சி இனங்கள் பத்து இலட்சத்துக்கு மேல் இருக்க, கரையைத் துறந்து நடுக்கடலின் நீர்ப்பரப்பிலேயே வாழ்பவை இந்தப் பேரினத்தின் 5 இனங்கள் மட்டுமே. பலத்த காற்று அவற்றைச் சில வேளைகளில் கரைக்குத் தள்ளிவிடும். அதே காற்று சொறிமீன் (ஜெல்லிமீன்) வகைகளையும் கொண்டுவந்து போடும். நீலப் பலூனைப் போலக் கிடப்பதைக் குச்சியால் காட்டலாமே தவிர, செத்துக் கிடந்தாலும் விரலால் தொட விடாதீர்கள். அதன் இழைகள் உலர்ந்த பின்னும் கொட்டும்.

கேள்வி: காற்றில் செடி ஆடும்போது செல்பேசியில் பூச்சியைத் தெளிவாகப் படமெடுக்க வழி உண்டா?
(கல்லூரி மாணவர், தருமபுரி)

பதில்: காற்று வரும் பக்கமாக உட்கார்ந்து உங்கள் உடலையே தடுப்பாக்குங்கள், நிழல் மட்டும் பூச்சியின் மேல் விழக் கூடாது. காம்பின் அடிப்பகுதியை இரு விரலால் பிடித்து, வீச்சு ஓயும் நொடியில் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தால் ஒன்றாவது தேறும். பூச்சியைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மந்தமாக்கிப் படமெடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஆடி மாதக் காற்றில் எங்கள் நிலத்தின் மேல் மஞ்சள் நிறத் தும்பிகள் நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. இவை கடல் கடந்து ஆப்பிரிக்கா வரை போகும் என்று ஒருவர் சொன்னார். நம்பலாமா?
(ஒரு விவசாயி, கிருஷ்ணகிரி அணை அருகில்)

பதில்: நம்பலாம். நீங்கள் கண்டது பெரும்பாலும் பான்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற தும்பியாக இருக்கும். உடல் சுமார் நாலரை சென்டிமீட்டர். பின்சிறகு அடியில் அகன்றிருப்பதால் அதிகம் உழைக்காமலே காற்றில் மிதக்க அதற்கு இயலும். மற்றத் தும்பிகளைப் போல அடிக்கடி அமராது. அமர்ந்தாலும் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். மழை பெய்து தேங்கிய தற்காலிகக் குட்டைகளில் முட்டையிட, அதன் இளம்பூச்சி ஏறத்தாழ ஆறு வாரங்களிலேயே வளர்ந்து, குட்டை வற்றுவதற்குள் பறந்துவிடும். மழை எங்கே பெய்கிறதோ அங்கே போய்ச் சேருவதே அதன் பிழைப்பு. அதற்குக் காற்றே வாகனம்.

மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர் நிலைகள் ஏறக்குறைய இல்லாத அந்தத் தீவுகளுக்கு அக்டோபர் தொடங்கி இந்தத் தும்பிகள் ஆண்டுதோறும் திரளாக வருவதைக் கவனித்து, அவை இந்தியாவிலிருந்து உயரத்தில் வீசும் காற்றைப் பற்றிக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். போய் வரும் சுற்று முழுவதையும் ஒரே தும்பி முடிப்பதில்லை; சில தலைமுறைகள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதே பருவத்தில் ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடக்கும் அமூர் வல்லூறுகள் வழியில் இந்தத் தும்பிகளை உண்ணக்கூடும் என்பதும் அவர் கருத்து. உங்கள் நிலத்தைப் பொறுத்தவரை, இவற்றின் இளம்பூச்சிகள் கொசுப்புழுக்களைத் தின்பவை. ஆகவே மழைக் குட்டையில் மருந்து தெளிக்கும்முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: கடற்கரைக்குப் போக எங்களுக்கு வசதியில்லை. காற்றுக் காலத்தில் எங்கள் பகுதியிலேயே இப்படி நடந்து பார்க்க முடியுமா?
(ஒரு வாசகி, பென்னாகரம்)

பதில்: தாராளமாக. உங்கள் ஊர் ஏரிக்கரையே போதும். கடற்கரையின் பிற்பகல் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. உங்கள் ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. எனவே நீரில் விழுந்த பூச்சிகள் நுரையோடு சேர்ந்து ஒதுங்குவது கிழக்குக் கரையில். பறப்பவை ஒதுங்கி நிற்பது மேற்குப் பக்கத்து மரங்களுக்கும் புதர்களுக்கும் பின்னால். புதரின் கீழே வெள்ளைத் துணியை விரித்து, கிளையைக் கோலால் மெல்லத் தட்டினால், வெட்டுக்கிளிக் குஞ்சுகளும் பொறிவண்டுகளும் சிலந்திகளும் துணியில் விழும். எண்ணிக் குறித்தபின் அதே புதரடியில் விட்டுவிடுங்கள். பஞ்சுருட்டான்கள் காற்றுக்கு முகம் கொடுத்துக் கம்பியில் வரிசையாக அமர்ந்திருந்தால், அவை பாய்ந்து போகும் திசையில் பூச்சிகள் உண்டு.

ஒகேனக்கல் பக்கம் போவதானால், சுற்றியுள்ள காடுகளின் பெரும்பகுதி காவிரி வன உயிரினச் சரணாலயங்களைச் சேர்ந்தது என்பதால், பொதுச் சாலையை விட்டு இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். காவிரியில் முதலைகள் உள்ளன. தும்பியைத் தேடிப் பிள்ளைகள் நீர்விளிம்பு வரை இறங்காதபடி பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.