சைக்ளாப்ஸ் லென்ஸை எடுக்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், சப்மரைனர் டேட் மாதிரி வாட்சுகளில், தேதிக்கு மேலே கண்ணாடியில் ஒரு சின்ன மேடு இருக்கும். தேதியைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் அது. கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் பெயரால் சைக்ளாப்ஸ் என்பார்கள். "அது வேண்டாம், எப்படி எடுப்பது?" என்று இந்த வாரம் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக வாட்சைத் திறந்து மூடுகிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: சார், அந்த லென்ஸ் கண்ணாடியோடு சேர்த்து வார்த்ததா, தனியாக ஒட்டியதா?

எந்தக் காலத்து வாட்ச் என்று பாருங்கள். 1950-களில் இந்த லென்ஸ் வந்தபோது கண்ணாடி என்பது அக்ரிலிக்தான், அதாவது பிளாஸ்டிக். அதில் மேடும் கண்ணாடியும் ஒரே துண்டு. சப்மரைனரில் 1680 என்ற பழைய மாடல் அந்த ரகம். அடுத்து வந்த 16800 மாடலில் சஃபயர் கண்ணாடி, அதாவது செயற்கையாகச் செய்த கடினமான படிகம். அதில் லென்ஸைத் தனியாகச் செய்து, தெளிவான பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். எடுக்க முடிவது இந்த ஒட்டிய ரகம் மட்டும்.

கே: அண்ணா, வீடியோவில் லைட்டரைக் காட்டிப் பத்து நொடியில் தட்டி எடுத்துவிடுகிறார்கள். நானும் செய்து பார்க்கவா?

வேண்டாம் தம்பி. வீடியோவில் பொய் இல்லை. சூடு பட்டால் பசை இளகும், மரக்குச்சியால் தள்ளினால் லென்ஸ் நகர்ந்துவிடும். அந்தச் சூடு அடுத்து எங்கே போகிறது என்பதை மட்டும் அவர்கள் காட்டுவதில்லை. சஃபயர், சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நடுவில் காட்டிய தீ நொடியில் ஓரத்துக்குப் போய்விடும். ஓரத்தில் கண்ணாடியை இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்டிக் வளையம், அதாவது கேஸ்கெட். அது கொஞ்சம் தளர்ந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்த மழையில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படியும்போதுதான் தெரியும். கீழே டயல் வேறு இருக்கிறது, அதன் மேல் பூச்சு இருக்கிறது, முள் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு நண்பரின் பழைய வாட்சில் நானே இப்படிச் செய்து, டயல் பூச்சில் கடுகளவு கொப்புளம் கிளப்பிவிட்டேன். நண்பர் இன்றுவரை அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

செய்தே ஆக வேண்டும் என்றால் முறை இதுதான். முதலில் மூவ்மென்டை, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தை, வெளியே எடுக்க வேண்டும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பெசல் வளையத்தைக் கழற்றி, கண்ணாடியைத் தனியாக எடுக்க வேண்டும். வெறும் கண்ணாடியை மட்டும் மெதுவாகச் சூடாக்கலாம், அவசரம் இல்லாதவர்கள் அசிட்டோனில் ஊற வைக்கலாம். திரும்பப் பொருத்தும்போது பழைய கேஸ்கெட்டைப் போடக் கூடாது, புதிது போட வேண்டும். கடைசியில் நீர்ப்புகா சோதனை. டேட்ஜஸ்ட் 100 மீட்டர், சப்மரைனர் 300 மீட்டர் தாங்க வேண்டிய வாட்சுகள். சோதிக்காமல் கையில் கட்டிக்கொண்டு நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள்.

கே: எடுத்த பிறகு பசைத் தடம் நிற்குமா? பிளேடால் சுரண்டினால் கீறல் விழாதா?

கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் சஃபயர் 9. எஃகு பிளேடு அதற்கு ஈடில்லை, கீறாது. அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, மிச்சத்தைப் பிளேடால் வழித்தால் போதும். புதிய மாடல்களில் சிலவற்றில் இன்னொரு சங்கடம் உண்டு. லென்ஸ் இருந்த இடத்துக்கு நேர் கீழே, கண்ணாடியின் உள்பக்கத்தில், ஒளி பிரதிபலிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். லென்ஸ் போனாலும் அது அங்கேயே நிற்கும். சாய்த்துப் பார்த்தால் ஒரு திட்டு தெரியும்.

கே: சூடாக இருக்கும்போதே தண்ணீரில் போட்டால் சீக்கிரம் ஆறுமே?

ஆறும். வெடிக்கவும் செய்யலாம். தானாக ஆறட்டும்.

கே: வாரன்டி போய்விடுமா?

போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2015-இலிருந்து ரோலெக்ஸ் 5 வருட வாரன்டி தருகிறது. நீங்கள் கைவைத்த வாட்சை சர்வீஸுக்குக் கொண்டு போனால், "அசல் கண்ணாடியைப் போட்டால்தான் தொடுவோம்" என்பார்கள். செலவு உங்களுடையது.

கே: அப்பா கொடுத்தது, 1970-களின் சப்மரைனர், பிளாஸ்டிக் கண்ணாடி. மேட்டைத் தேய்த்து எடுத்துவிடலாமா அண்ணா?

தேய்க்கலாம், அக்ரிலிக் மென்மையானது, உப்புத்தாள் போதும். தீயை மட்டும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், 100 டிகிரி சுமாருக்கே அது இளகிவிடும். ஆனால் என்னைக் கேட்டால், அப்பாவின் கண்ணாடியைத் தேய்க்காதீர்கள். மேடில்லாத அக்ரிலிக் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு, பழையதை ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள். பின்னால் விற்க நேர்ந்தாலும், உங்கள் மகன் கேட்டாலும், அசல் கையில் இருக்கும். சஃபயர்காரர்களுக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

கே: ரோலெக்ஸே லென்ஸ் இல்லாமல் தேதி வாட்ச் செய்திருக்கிறதே, பின்னே நாம் எடுத்தால் என்ன?

சீ-ட்வெல்லரைச் சொல்கிறீர்கள். 1967-இல் வந்தது, ஐம்பது வருடம் லென்ஸ் இல்லாமலே இருந்தது. 2017-இல் அதற்கும் ஒட்டினார்கள், ரசிகர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள். அது முதலிலேயே லென்ஸ் இல்லாமல் வடிவமைத்த வாட்ச். உங்களுடையது அப்படியில்லை. லென்ஸ் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் கொண்டிருந்தது. அது போனதும் ஜன்னலும் எண்ணும் திடீரென்று சுருங்கின மாதிரி இருக்கும். எடுத்துக்கொண்டு போன பத்துப் பேரில் மூன்று பேராவது அடுத்த மாதமே திரும்ப வந்து என் முன்னால் நிற்கிறார்கள்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி: லென்ஸுக்கு வெளியே பக்கவாட்டில் சாய்த்து, தேதியை நேரடியாகப் பாருங்கள். வாசிக்க முடிகிறதா? வயது நாற்பதைத் தாண்டியவர்கள் மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்க்கவும். ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் தன் மனைவிக்குத் தேதி தெரியவில்லை என்றுதான் இதைக் கண்டுபிடிக்கச் சொன்னார் என்று ஒரு கதை உலாவுகிறது. கதையோ நிஜமோ, அந்த அம்மாவின் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

கே: நான் அந்த மூன்று பேரில் ஒருவன். எடுத்த லென்ஸ் கையில் இருக்கிறது. திரும்ப ஒட்ட முடியுமா?

முடியும். புற ஊதா ஒளியில் இறுகும் தெளிவான பசையால் ஒட்டுவோம். ஆனால் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எண் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியும், ஒரு குமிழி மாட்டினாலும் அது தேதியோடு சேர்ந்து பெரிதாகும். சூப்பர் குளூ வைத்து நீங்களே முயற்சி செய்யாதீர்கள், வெண்படலம் படியும். லென்ஸைப் பஞ்சில் சுற்றி, வாட்சோடு கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.