கடைக்குள் ஒருவழிப்பாதை போட்டால் தொற்று குறையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரியில் சின்ன சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன் டாக்டர். 2020-ல் தரையில் போட்ட ஒருவழி அம்புக்குறிகள் தேய்ந்துவிட்டன. மறுபடி ஒரு தொற்று வந்தால் திரும்பப் போடலாமா?

போடுங்கள், தப்பில்லை, ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எதிரெதிரே வருபவர்கள் முகத்துக்கு முகம் நெருங்குவதை அம்புக்குறி குறைக்கும், அவ்வளவுதான். கொரோனா காற்றில் மிதந்தும் பரவியது. ரேக்குகளுக்கு நடுவே ஒருவர் இருமினால் என்ன ஆகும் என்று 2020 ஏப்ரலில் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தினர் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, இருமியவர் நகர்ந்துபோன பிறகும் அந்த நுண்துளிகள் கலைய சில நிமிடங்கள் ஆகலாம் என்று தெரிந்தது. ஒரே திசையில் போனால் பின்னால் வருபவர் அந்தக் காற்றுக்குள்தானே நடக்கிறார்? அப்புறம், சீரகத்தை மறந்தவர் கடையை முழுச் சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் நேரமும் கூடும். அம்புக்குறியைவிட முக்கியம், ஒரே சமயத்தில் எத்தனை பேரை உள்ளே விடுகிறீர்கள் என்பது. சீசன் கூட்டத்தில் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்.

அம்புக்குறிக்கு எதிராக வந்த ஒருவர் என்னை உரசிக்கொண்டு போனார். பயப்பட வேண்டுமா? (குன்னூர்)

இரண்டு மூன்று விநாடிதானே, பயம் வேண்டாம். தொற்றுள்ளவருக்கு 6 அடிக்குள், ஒரு நாளில் மொத்தம் 15 நிமிடம் இருந்தால்தான் நெருங்கிய தொடர்பு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அப்போது கணக்கு வைத்திருந்தது, அதற்காக 14 நிமிடம் நின்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. பில் கவுண்டர் வரிசையைத்தான் கவனியுங்கள். அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து பில் போடும் பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஊட்டியில் டிசம்பர் உறைபனியில் காற்றோட்டத்துக்காகக் கடைக் கதவைத் திறந்து வைத்தால் யார் வருவார்கள்?

முழுக்கத் திறக்க வேண்டாம். குளிர் இங்கே உதவியும் செய்கிறது: உள்ளே வெதுவெதுப்பு, வெளியே குளிர் என்று வித்தியாசம் கூடக் கூட, சூடான காற்று மேலே ஏறி வெளியேறும், கீழே புதுக் காற்று தானாக உள்ளே வரும். அதனால் கதவைக் கொஞ்சம், மேலே வென்டிலேட்டரைக் கொஞ்சம், இரண்டையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். குளிருக்காக வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று ஒரு பேப்பர் துண்டைக் காட்டிப் பார்த்துவிடுங்கள். கடைக்குள் எல்லோரும் மாஸ்க் போடட்டும்.

வாங்கி வந்த பொருளையெல்லாம் துடைக்கணுமா?

வேண்டாம். தொட்டுப் பரவியது ரொம்பக் குறைவு. வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கேரட்டுக்கு வெறும் தண்ணீர் போதும்.