பாட்டியை ஏன் வெளியே அனுப்பினீர்கள்?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு மாணவி நான். களப்பணிக்காகக் நீலகிரியில் கூடலூர் பக்கம் பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றுக்குப் போகிறேன். வகுப்பில் சொல்லித்தந்தபடிதான் கேள்வி கேட்கிறேன், பொறுமையாகக் கவனிக்கிறேன். எதற்கும் ‘ஆமா’, ‘சரி’ என்று முடித்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண்ணிடம் தனியாகப் பேச, பாட்டியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. இன்னும் என்ன திறன் கற்க வேண்டும்?

பதில்: திறனை அப்புறம் பார்க்கலாம். அது யார் வீடு? முன்பின் தெரியாத ஒருத்தி நோட்டும் பேனாவுமாக உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் பாட்டியை எழுந்து போகச் சொன்னால் அவளிடம் மனம்விட்டுப் பேசுவீர்களா?

ரகசியம் காக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். சரி. வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால் தனியே பேசத்தான் வேண்டும். ஆனால் யார் கூட இருக்கட்டும் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பெற்றவர்கள் கூலிக்குப் போய்விட்டால் பிள்ளைக்குப் பாட்டிதான் எல்லாம். வளர்த்தவருக்குத்தான் முதல் மரியாதை; இதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. வழியில் யானை பயமா, விடுதியில் யாராவது சாதியைச் சொல்லித் திட்டினார்களா, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அடிக்கடி மூட்டு வலிக்கிறது என்பாளா என்றும் அவரைத்தான் கேட்க வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு; மூட்டு வலி அதனாலும் வரும். வலியில் சுருண்டு கிடக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் சோம்பேறி என்று பெயர் வந்துவிடும். இத்தனையும் சொல்லக்கூடியவரைத்தான் வாசலுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்த ‘ஆமா’வையும் புரிந்துகொள்ளுங்கள். பணியர்கள் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளர்களிடம் கொத்தடிமையாக உழைத்தவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே 1976இல்தான் வந்தது. வெளியாள் அதட்டலாக எது கேட்டாலும் ஆமா போட்டுத் தப்பித்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். ஆமா, இல்லை என்று முடிகிற கேள்விகளை நிறுத்துங்கள். ஒன்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நீங்கள் பேசுவது தமிழ், அவர்கள் வீட்டில் பேசுவது பணிய மொழி; பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

அடுத்த முறை அந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு போங்கள், நோட்டு வேண்டாம். முதலில் பாட்டியிடம் மன்னிப்புக் கேளுங்கள். பேத்தியின் படிப்பைப் பற்றி அன்றைக்கு எதுவும் கேட்க வேண்டாம். சாதிச் சான்றிதழோ ரேஷன் அட்டையோ இழுத்துக்கொண்டிருந்தால், தாலுகா ஆபீசுக்குக் கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். ஒரே நாளில் முடியாது. முடியும் வரை போங்கள்.