பிளேட்லெட் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் முதலில் செய்ய வேண்டியது

கேள்வி: எனக்கு வயது 36. பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 78,000 என்று வந்திருக்கிறது. ஹீமோகுளோபினும் வெள்ளை அணுக்களும் சரியாக இருக்கின்றன. காய்ச்சலோ ரத்தக் கசிவோ இல்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம் என்கிறார்கள். ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 78,000 உண்மைதானா என்று பார்த்துவிடுவோம். மற்ற அணுக்கள் எல்லாம் சரியாக இருந்து, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பிளேட்லெட் மட்டும் குறைந்தால் என் முதல் சந்தேகம் ரத்தம் எடுத்த பரிசோதனைக் குழாயின் மேல்தான். ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அதில் இடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும். சிலருடைய ரத்தத்தில் இது பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும். இயந்திரம் அணுவின் அளவை வைத்து எண்ணுவதால், கொத்தை பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. உடம்பில் இரண்டு லட்சம் இருக்கும், தாளில் எழுபதாயிரம் வரும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் கொத்துகள் தெரியும். கூடவே, வெளிர்நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் ரத்தம் எடுத்து உடனே எண்ணச் சொல்லுங்கள். சிட்ரேட் திரவமாக இருந்து ரத்தத்தை நீர்க்கச் செய்வதால், வரும் எண்ணோடு பத்து சதவீதம் கூட்டிக்கொள்வார்கள். உங்கள் பயத்துக்கும் அந்தத் தகடே பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். ரத்தப் புற்றுநோயில் பிளேட்லெட் மட்டும் தனியாகக் குறைவது அபூர்வம். முதிராத அணுக்கள் இருந்தால் தகட்டிலேயே கண்ணில் படும்.

சரி, மறுபரிசோதனையிலும் அதே எண் வந்தால்? இயல்பான அளவு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. ஆனால் பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு 50,000-க்கு மேல் இருந்தால் போதும். மூளை, கண்ணின் உட்பகுதி போன்ற இடங்களுக்குத்தான் ஒரு லட்சம் கேட்பார்கள். ஆகவே 78,000 என்பதற்காக மட்டும் ஆபரேஷன் நின்றுபோக வேண்டியதில்லை. காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அண்மையில் வந்த வைரஸ் காய்ச்சல், சாப்பிடும் மாத்திரைகள், மது, கல்லீரல் நோயால் வீங்கிய மண்ணீரல், பி12 குறைபாடு, கர்ப்பம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எதுவுமே இல்லை என்றால் ஐடிபி. உடலின் எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டுகளை அழிக்கும் நோய் அது. ரத்தக் கசிவு இல்லாமல் 30,000-க்கு மேல் இருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே தராமல் கவனித்து வருவார்கள். எண்ணை ஏற்றிக் காட்டுவதற்காக பிளேட்லெட் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஐடிபி-யில் ஏற்றியதும் அழிந்துபோகும்.

எண்ணைவிட நான் அதிகம் நம்புவது பழைய கதையை. பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்க நேரமானதா? பெண்ணாக இருந்தால், மாதவிடாயில் கட்டிகட்டியாகப் போகிறதா? வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? வான் வில்லிபிராண்டு என்ற பரம்பரை ரத்தக் கசிவு நோயில் பிளேட்லெட் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ரத்தம் மட்டும் நிற்காது. ஹீமோபிலியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் கசிவு நோயிலும் எண்ணிக்கை சரிதான். அதில் மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் கசியும். இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்றால் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

காலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் வந்து, விரலால் அழுத்தியும் மறையாவிட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். வாய்க்குள் ரத்தக் கொப்புளம், கால் மணி நேரம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம், கறுப்பு மலம், திடீர்க் கடும் தலைவலி, குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வலிக்கு பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இப்போதைக்கு வேண்டாம். இதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அப்புறம், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஐந்து வருடமாகவே எண்பதாயிரம்தான் என்றால் அது ஒரு விஷயம். போன வருடம் இரண்டரை லட்சம் இருந்து இப்போது இறங்கியிருந்தால் அது வேறு.