காம்பு நீண்டால் விதையைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: சிப்பிக்காளான் வளர்க்கிறேன். வெயில் தொடங்கியதிலிருந்து காம்பு நீண்டு, குடை பொத்தானளவே வருகிறது. விதை (பூஞ்சை வளர்த்த தானியம்) தந்தவர், "சூட்டுக்கு ஏற்ப ரகமே மாறிவிட்டது, வெயில் தாங்கும் புது விதை வாங்குங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். தட்பவெப்பம் காளானின் உருவத்தை மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் அது லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது. தார் பாலைவனத்தில் பொடாக்சிஸ் என்றொரு காளான் முளைக்கிறது. குடையை விரிப்பதே இல்லை. ஈரக் காட்டில் விரிந்த குடை, அடியில் வித்துத்தூள் உண்டாகும் மடிப்புகளை மழையிலிருந்து காக்கும். பாலைக் காற்றிலோ விரித்தால் மடிப்புகள் காய்ந்துவிடும். அதனால் அதன் வித்துத்தூள் மூடிய குடைக்குள்ளேயே முதிர்ந்து, உறை கிழிந்தபின் காற்றில் பறக்கிறது. குடை விரியாததால், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1771-இல் இதைப் பந்துக் காளான் இனத்தில் சேர்த்துவிட்டார். ஆனால் மரபணுப்படி, குடை விரிக்கும் காளான்கள்தான் இதன் நெருங்கிய சொந்தம்.

உங்கள் குடிலில் ஒரு கோடையில் அப்படி எதுவும் நடக்காது. வெயிலுக்குப் பயந்து ஈரச் சாக்கால் நாலு பக்கமும் மூடியிருப்பீர்கள். காளானும் மூச்சு விடுகிறது. அந்தக் கரியமிலவாயு உள்ளேயே தேங்கினால் காம்பு நீளும், குடை சிறுக்கும். காலையும் மாலையும் எதிரெதிர்ச் சாக்குகளைச் சுருட்டிவிட்டு, அப்புறம் தரை மணலை நனையுங்கள். பேப்பர் படிக்கும் அளவு வெளிச்சமும் வேண்டும். நீண்ட காம்பு இனிக் குறுகாது, புது மொட்டுகளைக் கவனியுங்கள்.

ஒரே ஒரு நிலையில் விதையைச் சந்தேகிக்கலாம். இரண்டு இடத்து விதையை ஒரே நாளில், ஒரே வைக்கோலில் போட்டு, அந்தப் படுக்கைகளை (வைக்கோல் நிரப்பிய பைகளை) ஒரே கயிற்று வரிசையில் மாற்றி மாற்றித் தொங்கவிடுங்கள். காற்று, வெளிச்சம், தண்ணீர் எல்லாம் ஒன்றாக இருந்தும் ஓரிடத்துப் படுக்கைகள் மட்டும் கோணலாக வந்தால் அந்த விதையில்தான் கோளாறு. குடிலின் ஒரு மூலையில் மட்டும் கோணல் என்றால் அது விதையல்ல, மூலைதான். வரிசையை இடம் மாற்றி இன்னொரு அறுப்பும் பாருங்கள்.

இதைப் பயிற்சியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஈரம், ஈரம் என்று நாளெல்லாம் பேசிவிட்டுச் சான்றிதழும் மானியப் படிவமும் கொடுத்து அனுப்புகிறார்கள். காற்றோட்டத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். "விளைச்சலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

கடும் கோடைக்கு மாற்றுப் பயிர் வேண்டுமென்றால் பால் காளான் இருக்கிறது, ஏபிகே 2 ரகம். 30 முதல் 35 டிகிரியிலும் நன்றாக வரும். விதையை வேளாண் பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள், பையில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.