சின்ன டர்போ காருக்கு ரீமேப் போடலாமா?

கேள்வி: 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். மேனுவல் கியர், 4 வருடம், 45,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. வாரன்ட்டி முடிந்துவிட்டது. நான்கு பேர் ஏறினால் மேட்டில் திணறுகிறது. ‘ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் இன்ஜின் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றுவது) போட்டால் பவர் 25 சதவீதம் கூடும், மைலேஜும் கூடும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது’ என்கிறார் ஒரு ட்யூனிங் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: பவர் கூடும் என்பதை நம்பலாம். மைலேஜ் கதையைப் பாதிதான் நம்பலாம். ‘ஒன்றும் ஆகாது’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால், கார் சாவியை அவரிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

டர்போ இல்லாத இன்ஜினில் ரீமேப் போட்டுப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உள்ளே போகும் காற்றின் அளவை அங்கே கூட்ட வழியில்லை. டர்போ காரில் அப்படியில்லை. எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் திணிக்க வேண்டும், அதற்கு எவ்வளவு பெட்ரோல், ஸ்பார்க் எப்போது என்று எல்லாவற்றையும் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியுவுக்குள் இருக்கும் அட்டவணைகள்தான் முடிவு செய்கின்றன. அந்த எண்களை மாற்றுவதுதான் ரீமேப். 175 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க், அதாவது சுழற்றும் விசை, தருகிற இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் சுமார் 50 குதிரைத்திறன் கொடுக்கிறது. அதே வேகத்தில் டார்க்கை 220 ஆக்கினால் அது 63 ஆகிவிடும். மேட்டில் கியரை இறக்காமலே கார் ஏறுகிற சுகம் இந்த 13-இல்தான் இருக்கிறது.

‘கம்பெனியே பவரைக் கட்டிப்போட்டுத்தான் விற்கிறது’ என்றும் கடையில் சொல்லியிருப்பார்கள். ஓரளவு உண்மைதான். ஃபோர்டு தன் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினை 100, 125, 140 எனப் பல பவரில் விற்றது. ஆனால் எல்லா இன்ஜினிலும் வித்தியாசம் வெறும் சாஃப்ட்வேர் என்று நினைத்துவிடக் கூடாது. சிலவற்றில் டர்போவே வேறு, சிலவற்றில் பிஸ்டன் வேறு. உங்கள் இன்ஜின் கூடுதல் பவரிலும் விற்கப்பட்டதா என்று பாருங்கள். விற்றிருந்தால் இரண்டுக்கும் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் பாகங்களின் எண் ஒன்றா என்று ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியலில் ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை.

இன்ஜினின் முழுத் திறனுக்கும் விற்கிற பவருக்கும் நடுவே கம்பெனி விட்டுவைத்த இடைவெளி வீணாகக் கிடக்கவில்லை. மட்டமான பெட்ரோல், கடும் வெயில், தூசி அடைத்த ஃபில்டர், தள்ளிப்போட்ட ஆயில் சர்வீஸ், எல்லாவற்றையும் இன்ஜின் தாங்குவது அதை வைத்துத்தான். ரீமேப் அதிலிருந்து எடுத்துத்தான் உங்களுக்குப் பவராகக் கொடுக்கிறது. எவ்வளவு எடுக்கலாம், எந்த ஆர்பிஎம்மில் எடுக்கலாம் என்பதில்தான் நல்ல ட்யூனருக்கும் மோசமான ட்யூனருக்கும் வித்தியாசம்.

எந்த ஆர்பிஎம் என்று ஏன் சொல்கிறேன்? பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில், அதாவது சுமார் 1,500-லிருந்து 2,500-க்குள், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது, சிலிண்டர் சுவரில் பெட்ரோலோடு கலந்த ஆயில் துளி ஒன்று ஸ்பார்க் வருவதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். எல்எஸ்பிஐ (லோ ஸ்பீட் ப்ரீ-இக்னிஷன்) என்பார்கள். சாதாரண நாக்கிங் (ஸ்பார்க்குக்குப் பிறகு மிச்சக் கலவை தானாக வெடிப்பது) என்றால் நாக் சென்சார் கவனித்து ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டுவிடும். இங்கே ஸ்பார்க்குக்கு முன்பே எல்லாம் நடந்துவிடுவதால் அதற்கு வேலையே இல்லை. பலமான ஒரே அடியில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோகலாம். ஆயிலில் கால்சியம் அதிகமானால் இது கூடுகிறது என்று தெரிந்ததால்தான் 2018-இல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று புதிய ஆயில் தரங்களே வந்தன.

இப்போது கடைக்காரர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். உங்களுக்குக் கீழ் ஆர்பிஎம்மில் டார்க் வேண்டும், அவரும் அதைத்தான் ஏற்றித் தருவார். ஓட்டிப் பார்த்ததும் முதுகு சீட்டில் ஒட்டும், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். இன்ஜின் அதிகம் அடி வாங்குவதும் அதே இடத்தில்தான். அதனால் 25 சதவீதம் வேண்டாம், 15 போதும் என்று நீங்களே கேளுங்கள். 2,200-க்குக் கீழே டார்க்கை கம்பெனி அளவுக்குப் பக்கத்திலேயே விடச் சொல்லுங்கள். ‘அப்படிச் செய்தால் வித்தியாசமே தெரியாதே சார்’ என்று சலித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள்.

கிளட்ச்சையும் மறக்க வேண்டாம். ரீமேப்புக்கு முன்பே இதைச் செய்து பாருங்கள்: காலியான நேர்சாலையில், மேல் கியரில், 2,500 ஆர்பிஎம்மில் போகும்போது சட்டென்று முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள்ளும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். முள் மட்டும் விருட்டென்று 3,000-ஐத் தாண்டிவிட்டு வேகம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தால், கிளட்ச் இப்போதே வழுக்குகிறது என்று அர்த்தம். அதன் மேல் 40 என்எம் ஏற்றினால் கிளட்ச் செலவு ரீமேப் செலவைத் தாண்டும்.

மைலேஜுக்கு வருவோம். சாதாரணமாக உருட்டிக்கொண்டு போகும்போது பெட்ரோல் இன்ஜின் காற்று-எரிபொருள் விகிதத்தைச் சென்சார் வைத்து ஏற்கெனவே சரியாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மேட்டில் ஒரு கியர் கூட்டி ஓட்ட முடிந்தால் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் புதுப் பவர் கையில் இருக்கும்போது யார் மெதுவாக மிதிக்கிறார்கள்? டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாமல் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள்.

இன்னொன்று. நான்கு பேரோடு நீண்ட மேடு ஏறும்போது டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறும், இசியு தானாகவே பவரைக் குறைக்கும். டைனோவில் (பவர் அளக்கும் இயந்திரத்தில்) கண்ட கூடுதலில் ஒரு பகுதி அங்கே கரைந்துபோகும். நீங்கள் பணம் கொடுக்க நினைப்பதோ அந்த மேட்டுக்காகத்தான்.

அதனால் முதலில் கார் நியாயமாகவே திணறுகிறதா என்று பாருங்கள். என் பழைய காரை இப்படித்தான் ரீமேப் போடலாம் என்று கொண்டுபோனேன். ட்யூனர் பானெட்டைத் திறந்து, இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் மூட்டில் விரலால் தடவிக் காட்டினார். கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. கிளாம்ப் தளர்ந்து டர்போ காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நான்கு திருப்பு, கார் பழையபடி ஓடியது. அன்றைக்கு அவர் காசு வாங்கவில்லை. தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் அடைத்த ஏர் ஃபில்டரும் இதே மாதிரி பவரைத் தின்னும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் போடுங்கள். ஒரே நாளில், முன்னும் பின்னும் டைனோ கிராஃப் கேளுங்கள். கம்பெனியின் அசல் ஃபைலை ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு மேப் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு, எப்போதும் அதையே போடுங்கள். புகையில் கரித்துகளைப் பிடிக்கும் பார்ட்டிகுலேட் ஃபில்டரைக் கழற்றிவிடலாம் என்று ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பல நாடுகளில் அது சட்டவிரோதம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு அதையே காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கலாம்.

கேள்வி: என் கார் புதிது, வாரன்ட்டி இருக்கிறது. ரீமேப் போட்டுவிட்டு, சர்வீஸுக்கு முன் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் தெரியாது என்கிறார்களே?

பதில்: தெரியும். பல இசியுக்களில் எத்தனை முறை ஃபைல் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பதிவாகிறது. பழையதைத் திரும்ப ஏற்றினால் அதுவும் ஒரு எண்ணிக்கைதான். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் இப்படிப் பிடிபட்ட காருக்கு டிடி1 என்ற குறியீடு போடுவார்கள். அதன் பிறகு இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்ட்டி கேட்டால் இழுபறிதான். வாரன்ட்டி முடியும்வரை பொறுங்கள்.

கேள்வி: காரின் பழுதைக் கண்டறியக் கருவி மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகினாலே பவர் கூடும் என்று சின்னப் பெட்டி ஒன்று மிக மலிவாக விற்கிறார்களே?

பதில்: பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு சில்லறைச் சிப், மூன்று எல்இடி. கார் ஓடும்போது அவை மினுக்குகின்றன.