கிருமியின் வாயை அடைக்கும் ஊசிக்கு 40,000 ரூபாய் கொடுக்கலாமா?

பள்ளிபாளையத்தில் தறிப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார். அய்யனுக்குச் சர்க்கரை, வலது பாதத்தில் இரண்டு மாதமாக ஆறாத புண். "கிருமிகள் ஒன்றோடொன்று பேசுவதைத் துண்டிக்கும் பெப்டைடு ஊசி, ஆன்டிபயாடிக்கே வேண்டியதில்லை" என்று ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறாராம். போடலாமா?

போடாதீங்க.

அந்த ஆள் சொல்கிற விஞ்ஞானம் நிஜம், அதுதான் தொல்லை. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள், துண்டுக்கு அடியில் இரண்டு கைகள், விரலைப் பிடித்தே விலை முடிந்துவிடும். புண்ணில் அடிக்கடி வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியும் ஏறக்குறைய அப்படித்தான். புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்களில் ஏழு முதல் ஒன்பதைக் கோத்த, வால் வைத்த மோதிரம் மாதிரி ஒரு பெப்டைடை வெளியே விடும், அது பக்கத்துக் கிருமியின் ஏற்பியில், அதாவது சேதி வாங்கும் இடத்தில், போய் உட்காரும். கூட்டம் சேரச் சேர மோதிரமும் பெருகி, ஓர் அளவு தாண்டியதும் ஆள் சேர்ந்தாச்சு என்று எல்லாமாக நஞ்சைக் கக்கும். அந்த மோதிரத்தில் ஓர் அமினோ அமிலத்தை, உதாரணத்துக்கு இந்தக் கிருமியின் நான்கு வகைகளில் முதல் வகையின் மோதிரத்தில் ஐந்தாவதை, மாற்றிச் செய்தால் ஏற்பியில் உட்காரும், ஆனால் விலை சொல்லாது. விரலைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற கை. கிருமி சாகாது, நஞ்சு கக்காமல் கிடக்கும், மீதியை நம் வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. பேச்சை இப்படி அடைப்பதால் எலியின் சீழ்க்கட்டி சிறுத்ததை 1999லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் மனிதருக்குப் போட அனுமதி பெற்ற இப்படிப்பட்ட ஊசி இன்றுவரை எந்த நாட்டிலும் இல்லை.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, பாதியை விலைச் சீட்டு ஒட்டி மறைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது என்னவென்று விற்பவருக்கே தெரியாது. இந்தக் கிருமியில் நான்கு வகை. முதல் வகை மோதிரத்துக்கும் நான்காவதுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம், பொதுவாக ஒரு வகையின் மோதிரம் வேறு வகையை அடக்கலாம், ஆனால் தன் வகையை உசுப்பிவிடும். மண்டியில் விரலி மஞ்சளை உடைத்து நிறம் பார்த்து வாங்குகிறோம், தண்ணீர் மாதிரி இருக்கிற இதில் எதை உடைத்துப் பார்ப்பீர்கள்? "டிரையல் மருந்துங்க" என்பார். அப்படியானால் மருந்துச் சோதனைகளைப் பதியும் இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள், பேச்சு மாறும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அய்யன் காலில் பழைய எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட், ராடு ஏதாவது இருக்கிறதா? இரும்பு உள்ளே இருந்தால் இந்தக் கிருமி அதன் மேல், தண்ணீர்த் தொட்டிச் சுவரின் வழுவழுப்பு மாதிரி, அடை கட்டும். அடையிலிருந்து பிரிந்து வெளியே வர அதற்கு அந்தப் பேச்சு வேண்டும். பேச்சை அடைத்தால் அடை இன்னும் தடிக்கலாம். எடுத்தாச்சு என்றால் பரவாயில்லை, எடுத்தோமா என்று ஞாபகமில்லை என்றால் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், இருக்கிறது என்றால் பார்க்கிற டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது? நீங்கள் அனுப்பிய சீட்டுகளில் மூன்று ஆன்டிபயாடிக் மாறியிருக்கிறது, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் ஒன்று கூட இல்லை. எனக்கு வயிறு எரிகிறது. சில வலுவான ஆன்டிபயாடிக்குகள் அடங்கிய எச்1 பட்டியல் மருந்து விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதிப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து விதி இருக்கிறது, அதை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? பஞ்சை மேலாகத் தடவி எடுக்காமல், புண்ணைச் சுத்தம் செய்து அடியிலிருந்து துணுக்குச் சதை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே. வந்திருப்பது சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்றால் அதன் பேச்சு மொழியே வேறு, அந்த 40,000 ரூபாய் ஊசி நிஜமாகவே இருந்தாலும் அதற்குக் காது கேட்காது. அப்புறம் காலின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் பாதத்தை ஊன்ற விடாதீர்கள்.

புண் கருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஊசிக்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் பில் கேட்டுப் பாருங்கள். தர மாட்டார்.